வனத்து அந்தோணியார்: தனியா இருக்கப் போனவரை யாருமே தனியா விடல

அந்தோணியார்னு சொன்னாலே நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வர்றது கையில குழந்தை இயேசுவும் லீலிப் பூவும் வச்சிருக்கிற இளவயசு சாமியார்தான். செவ்வாய்க்கிழமை நவநாள், காணாமப் போன சாவி, கச்சத்தீவு திருவிழா, கொழும்பு கொச்சிக்கடை கோயில், புளியம்பட்டி எல்லாமே அவர் கணக்கு. அவர் பதுவை அந்தோணியார், 1195ல லிஸ்பன்ல பொறந்து 1231ல இறந்தவர். நான் இங்க பேசப் போறது அவருக்கு 900 வருஷத்துக்கு மேல முந்தி எகிப்துல பொறந்த இன்னொருத்தரைப் பத்தி. நீளமா வெள்ளைத் தாடி, கையில ஒரு கோல், அதுல ஒரு சின்ன மணி, காலடியில பன்றின்னு சில கோயில்கள்ல ஒரு கிழவர் சுரூபம் பார்த்திருப்பீங்க, ஜனவரி 17 திருவிழா, அவர்தான் வனத்து அந்தோணியார். இன்னும் ஒண்ணு, பதுவைக்காரரோட நிஜப் பேர் பெர்னாந்து. 1220ல கொயிம்ப்ரா ஊருக்கு வெளிய இருந்த ஒரு சின்ன பிரான்சிஸ்கன் மடத்துல போய் சேர்ந்தாரு, அந்த மடம் வனத்து அந்தோணியார் பேர்ல இருந்தது, அதனால தன் பேரையும் அந்தோணின்னு மாத்திக்கிட்டாரு. அதாவது நம்ம தெருவுல இருக்கிற அத்தனை அந்தோணி, அந்தோணியம்மா, அந்தோணிசாமிக்கும் மூலம் இந்த எகிப்துக்காரர்தான்.

இவர் விஷயத்துல எனக்கு ரொம்ப சுவாரசியமா படுறது இதுதான். ஆளுங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உள்ள உள்ள போனாரு, ஒவ்வொரு தடவையும் யாராவது பின்னாடியே போய் கதவைத் தட்டினாங்க, செத்த பிறகும் விடல. அவர் பேருக்கு கிடைச்ச புகழ்ல அவர் செஞ்சதை விட மத்தவங்க அவரை வச்சு செஞ்சதுதான் அதிகம்னு நான் சொல்வேன், அதுல சிலது அரசியல், சிலது நிஜமாவே நல்ல காரியம்.

சரி, ஆரம்பத்துல இருந்து வருவோம். 251ஆம் வருஷம் வாக்குல நடு எகிப்துல கோமாங்கிற கிராமத்துல பொறந்தாரு, வசதியான கிறிஸ்தவ விவசாயக் குடும்பம். 18, 20 வயசு இருக்கும்போது அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க, சின்னத் தங்கச்சி ஒருத்தி, சொத்துன்னு 300 அரூரா நல்ல வண்டல் நிலம். அரூராங்கிறது எகிப்து நில அளவு, நம்ம கணக்குல போட்டா கிட்டத்தட்ட 200 ஏக்கர் வரும், நைல் நதிப் பாசனத்துல 200 ஏக்கர்னா சும்மா இல்ல. அப்பா அம்மா செத்து ஆறு மாசம்கூட ஆகல, ஒருநாள் கோயிலுக்குள்ள போறாரு, அங்க மத்தேயு நற்செய்தியில பணக்கார வாலிபன் பகுதி வாசிச்சுட்டு இருக்காங்க, நீ நிறைவுள்ளவனா இருக்கணும்னா போய் உனக்கு உள்ளதை வித்து ஏழைகளுக்குக் கொடு, அப்புறம் வந்து என் பின்னாடி வான்னு. அதை நாம எத்தனை தடவை பூசையில கேட்டிருக்கோம், கேட்டுட்டு வெளிய வந்து டீ குடிச்சிருக்கோம். இவர் நேரா போய் நிலத்தை ஊர்க்காரங்களுக்கே கொடுத்துட்டாரு, சாமான்களை வித்து ஏழைங்களுக்குக் கொடுத்துட்டாரு, தங்கச்சிக்குன்னு கொஞ்சம் எடுத்து வச்சாரு. அடுத்த தடவை கோயிலுக்குப் போனப்போ "நாளைக்காகக் கவலைப்படாதீங்க"ங்கிற வசனம் காதுல விழுந்துது, அந்தக் கொஞ்சத்தையும் கொடுத்துட்டாரு.

தங்கச்சியை ஏற்கனவே தெரிஞ்ச, நம்பிக்கையான கன்னியர் சிலர்கிட்ட வளர்க்க விட்டுட்டுப் போயிட்டாரு. அந்தப் பொண்ணோட பேரைக்கூட அவரோட வாழ்க்கை வரலாறு எழுதினவர் சொல்லல, அவகிட்ட யாரும் கேட்டாங்களான்னும் சொல்லல, படிக்கும்போது எனக்கு அங்க எப்பவும் ஒரு முள்ளு குத்தும். ஆனா அதே புத்தகத்துல ரொம்ப பின்னாடி, அவர் கிழவரானப்புறம், ஒரு வரி வருது: தங்கச்சியை மறுபடி பார்க்கிறாரு, அவளும் வயசாகி, கன்னியாவே வாழ்ந்து, மத்த கன்னியருக்குத் தலைவியா இருக்கா. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அண்ணன் துறவியா மாறுறதுக்கு முன்னாடியே பொண்ணுங்க சேர்ந்து வாழ்ற துறவு வாழ்க்கை அந்த ஊர்ப்பக்கம் இருந்திருக்கு. துறவறத்தோட தந்தைன்னு அண்ணனுக்குப் பட்டம் கொடுத்தாச்சு, பட்டம் கொடுக்கும்போது அந்தக் கன்னியரை யாரும் எண்ணிக்கையில சேர்க்கல.

ஆம்பளைங்கள்லகூட அவர் முதல் ஆள் இல்ல, அந்தப் புத்தகமே அதை ஒத்துக்குது. பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் சின்ன வயசுல இருந்தே தனியா தவம் பண்ணிட்டு இருந்தாரு, அவரைப் பார்த்துதான் அந்தோணி ஆரம்பிச்சாரு, அப்புறம் எங்க ஒரு நல்ல துறவி இருக்காருன்னு கேள்விப்பட்டாலும் தேடிப் போய் ஒருத்தர்கிட்ட பொறுமை, ஒருத்தர்கிட்ட ஜெபம், ஒருத்தர்கிட்ட தூக்கம் முழிக்கிறதுன்னு கத்துக்கிட்டாரு. வேற ஆதாரமும் இருக்கு. 324ல எகிப்துல கரானிஸ்ங்கிற ஊர்ல இசிதோர்னு ஒரு விவசாயி அதிகாரிக்கு எழுதின புகார் மனு பாப்பிரஸ்ங்கிற நாணல் தாள்ல கிடைச்சிருக்கு. அடுத்தவங்க மாடு வந்து என் பயிரை மேய்ஞ்சிருச்சு, மாட்டைப் பிடிச்சுக் கட்டி ஊருக்குள்ள ஓட்டிட்டு வந்தேன், வழியில மறிச்சு தடியால அடிச்சுப் போட்டாங்க, அந்தோனினுஸ்ங்கிற திருத்தொண்டரும் ஈசாக்குங்கிற துறவியும் வந்து காப்பாத்தாட்டி செத்தே போயிருப்பேன்னு எழுதியிருக்காரு. துறவிங்கிற பேரோட ஒரு ஆளு அன்றாட ஆவணத்துல முதன்முதலா தலைகாட்டுறது இதுலதான். பாருங்க, பாலைவனக் குகையில தவம் இல்ல, மாட்டுச் சண்டையில விலக்கி விட வந்த ஆளு, அந்த அளவுக்கு ஊரோட ஊரா கலந்து இருந்திருக்காங்க.

இன்னொரு பின்னணியும் சொல்லணும். எகிப்து ரோமாபுரிக்கு தானியக் களஞ்சியம், வரி போட்டு உறிஞ்சினாங்க, வரி கட்ட முடியாத விவசாயிங்க ஊரை விட்டு ஓடுறது காலங்காலமா நடந்த விஷயம். அதோட எகிப்தோட நில அமைப்பே வேற மாதிரி, நைல் ஓரமா ஒரு பச்சைக் கோடு, அது முடியிற இடத்துல மணல், நடுவுல எதுவும் கிடையாது, கடைசி வயலைத் தாண்டி கால் எடுத்து வச்சா பாலைவனம். அதனால ஒருத்தர் ஊரை விட்டு விலகிப் போறதுங்கிறது அங்க புரியாத காரியம் இல்ல, தெரிஞ்ச பாதை, இவர் அதுல கடன்காரனா போகாம கடவுளுக்காகப் போனாரு, அதுதான் புதுசு.

முதல்ல ஊர் ஓரமாவே இருந்தாரு. அப்புறம் ஊருக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த பழைய கல்லறை ஒண்ணுக்குள்ள போய் உக்காந்து, ஒரு நண்பரை வெளிய இருந்து கதவைச் சாத்தச் சொல்லிட்டாரு, நண்பர் பல நாளைக்கு ஒரு தடவை ரொட்டி கொண்டு வந்து கொடுப்பாரு. இங்கதான் அந்த பிரபலமான பேய்ச் சண்டை. பேய்ங்க அடிச்ச அடியில மூச்சுப் பேச்சில்லாம கிடந்தாராம், ரொட்டி கொண்டு வந்த நண்பர் செத்துட்டாருன்னு நினைச்சு ஊர்க் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய் போட்டாரு, சொந்தக்காரங்க சுத்தி உக்காந்து அழுதுட்டு அப்படியே தூங்கிட்டாங்க, நடுராத்திரி இவர் கண்ணு முழிச்சு, அந்த நண்பர் மட்டும் தூங்காம இருக்கிறதைப் பார்த்து, யாரையும் எழுப்பாத, என்னைத் திரும்ப அங்கயே தூக்கிட்டுப் போன்னு ஜாடை காட்டினாராம். போன உடனே நிக்கக்கூட முடியாம படுத்துக்கிட்டே "இதோ இங்கதான் இருக்கேன், வாங்கடா"ன்னாராம். சிங்கம், கரடி, சிறுத்தை, காளை, பாம்பு, தேள், ஓநாய்னு எல்லா உருவத்துலயும் வந்துச்சாம். கடைசியில மேல இருந்து ஒரு வெளிச்சம் வந்து எல்லாம் மறைஞ்சப்போ இவர் கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: இவ்வளவு நேரம் எங்க இருந்தீர், ஆரம்பத்துலயே ஏன் வரல? பதில்: இங்கதான் இருந்தேன் அந்தோணி, நீ எப்படிப் போராடுறன்னு பார்க்கக் காத்திருந்தேன்.

இந்தப் பேய்களை எப்படி எடுத்துக்கிறதுங்கிறது உங்க இஷ்டம், ஆனா அந்தக் காலத்து ஆளுங்களுக்குப் பாலைவனம் காலி இடம் இல்ல, பழைய எகிப்து சாமிங்களும் செத்தவங்களும் இருக்கிற இடம். கல்லறைக்குள்ள போய் உக்கார்றதுங்கிறது எதிராளி வீட்டுக்குள்ளயே போய் பாய் விரிச்ச மாதிரி. அதோட அந்தோணி பேய்களைப் பத்தி சீடர்களுக்குச் சொன்னதா வர்ற நீண்ட பிரசங்கத்தைப் படிச்சா, கிலி கிளப்புற பேச்சே கிடையாது, நேர்மாறு. அதுங்களுக்கு ஒண்ணும் பெரிய சக்தி இல்ல, உன் மனசுல ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற நினைப்பைப் பிடிச்சுத்தான் பெருசாக்கும், பயந்தா பயத்தைக் கூட்டும், ஏதாவது உருவம் தெரிஞ்சா தைரியமா நீ யாரு, எங்க இருந்து வர்றன்னு கேளுங்கிறாரு. இன்னிக்கு வாட்ஸ்அப்ல பேயோட்டுற வீடியோ போடுறவங்களை விட இந்தாளு நிதானமா பேசியிருக்காரு.

சுமாரா 35 வயசுல நைல் நதியைக் கடந்து பிஸ்பிர்ங்கிற இடத்துல ஒரு பாழடைஞ்ச கோட்டைக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கிட்டாரு. 6 மாசத்துக்கு வேண்டிய காஞ்ச ரொட்டி உள்ள, தண்ணி உள்ளயே இருந்துச்சு, வருஷத்துக்கு ரெண்டு தடவை மேல இருந்து ரொட்டி போடுவாங்க. இப்படி 20 வருஷம். வெளிய ஆளுங்க வந்து காத்துக் கிடப்பாங்க, உள்ள இருந்து சத்தம் கேக்கும், யாரோ சண்டை போடுறாங்கன்னு ஓட்டை வழியா எட்டிப் பார்ப்பாங்க, யாரும் இருக்க மாட்டாங்க. 305 வாக்குல நண்பர்கள் பொறுமை இழந்து கதவைப் பேர்த்து எடுத்துட்டாங்க. எலும்பும் தோலுமா ஒரு பைத்தியம் வெளிய வரும்னு எதிர்பார்த்தாங்க போல, வந்தவர் பருக்கவும் இல்ல மெலியவும் இல்ல, கூட்டத்தைப் பார்த்து எரிச்சலும் படல, பூரிச்சும் போகல, சாதாரணமா இருந்தாராம். உடம்பை வதைக்கிறதுதான் துறவுன்னு நினைக்கிறவங்க இந்த இடத்தை நல்லா கவனிக்கணும், அவரோட ஆளுங்க பெருமையா சொன்னது அவர் எவ்வளவு வாடிப் போனாருங்கிறதை இல்ல, எவ்வளவு சமநிலையா இருந்தாருங்கிறதைத்தான். கதவைப் பேர்த்த அன்னியில இருந்து அவரைச் சுத்தி மலையெல்லாம் குடில் முளைக்க ஆரம்பிச்சுது, பாலைவனம் ஒரு ஊராவே ஆயிருச்சுன்னு எழுதுறாங்க.

311ல ரோமப் பேரரசர் மாக்சிமினுஸ் ஆட்சியில கிறிஸ்தவங்களைக் கொன்னுட்டு இருந்தப்போ அலெக்சாந்திரியாவுக்கு இறங்கி வந்தாரு. சுரங்கத்துலயும் ஜெயில்லயும் கிடந்தவங்களுக்குத் தொண்டு பண்ணாரு, கோர்ட்ல போய் நின்னு தைரியம் சொன்னாரு, நீதிபதி துறவிங்க யாரும் இந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாதுன்னு உத்தரவு போட்டப்போ மத்தவங்க ஒளிஞ்சுக்கிட்டாங்க, இவர் மேலங்கியைத் துவைச்சுப் போட்டுக்கிட்டு மறுநாள் ஆளுநர் கண்ணுல படுற மாதிரி உயரமான இடத்துல போய் நின்னாரு. ஆனாலும் யாரும் பிடிக்கல. ரத்தசாட்சியா சாகலாம்னு வந்தவருக்கு அது கிடைக்கல, திரும்பிப் போய் ஒவ்வொரு நாளும் மனசாட்சியில ரத்தசாட்சியா வாழ்ந்தாருன்னு வரலாறு எழுதினவர் சொல்றாரு. துறவறம் ஏன் சரியா அந்த நூற்றாண்டுல வெடிச்சுக் கிளம்புச்சுங்கிறதுக்கு இதுல ஒரு விடை இருக்கு: 313ல ரோமப் பேரரசு கிறிஸ்தவத்துக்கு அனுமதி கொடுத்ததுக்கு அப்புறம் கிறிஸ்தவனா இருக்கிறது ஆபத்து இல்ல, கொஞ்ச நாள்ல லாபமாவும் ஆயிருச்சு, உயிரைக் கொடுக்கிற வாய்ப்பு போச்சு, தீவிரமா வாழணும்னு நினைச்சவங்களுக்கு வேற ஒரு வழி தேவைப்பட்டுச்சு.

கூட்டம் தாங்காம திரும்ப ஓடினாரு. அரபு நாடோடி வியாபாரிங்க கூட்டத்தோட சேர்ந்து மூணு பகல் மூணு ராத்திரி நடந்து செங்கடல் பக்கத்துல ஒரு மலை அடிவாரம் போய் சேர்ந்தாரு, ஊத்துத் தண்ணி, சில பேரீச்ச மரம், பார்த்த உடனே பிடிச்சுப் போச்சாம். ஆளுங்க ரொட்டி சுமந்துட்டு அவ்வளவு தூரம் வர்றது கஷ்டமா இருக்கேன்னு மண்வெட்டியும் கோடாலியும் கொஞ்சம் கோதுமையும் வாங்கிட்டு வரச் சொல்லி தானே விவசாயம் பண்ணாரு, வர்ற விருந்தாளிக்குன்னு கொஞ்சம் கீரை காய்கறியும் போட்டாரு. தண்ணிக்கு வர்ற காட்டு மிருகங்க பயிரை நாசம் பண்ணுச்சு. ஒரு மிருகத்தை மெதுவா பிடிச்சு வச்சுக்கிட்டு, நான் உங்களுக்கு ஒண்ணும் பண்ணலியே, நீங்க ஏன் எனக்குப் பண்றீங்க, ஆண்டவர் பேரால போங்க, இந்தப் பக்கம் வராதீங்கன்னு சொன்னாராம், அதுக்கப்புறம் வரலியாம். காட்டுப்பன்றி கிட்ட நிலக்கடலையைப் பறிகொடுத்த நம்ம விவசாயிங்க யாராவது படிச்சா பெருமூச்சு விடுவாங்க.

இப்போ அந்த வாழ்க்கை வரலாறு எழுதினவர் யாருங்கிற விஷயத்துக்கு வரேன், ஏன்னா முழுக் கதையும் திரும்புற இடம் இதுதான். எழுதினவர் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார். 328ல இருந்து 373 வரைக்கும் ஆயர், அதுல அஞ்சு தடவை நாடு கடத்தப்பட்டவர். 325ல நிசேயாவுல ஆயர்கள் கூடின சங்கத்துக்கு அப்புறமும் ஆரியுஸ்ங்கிற அலெக்சாந்திரியா குருவோட கட்சிக்கும் இவர் கட்சிக்கும் விடாத சண்டை, இயேசு தந்தைக்குச் சமமான கடவுள்னு இவர் கட்சி, படைக்கப்பட்டவர்னு ஆரியுஸ் கட்சி, அது இறையியல் சண்டை மட்டும் இல்ல, பேரரசரே பக்கம் மாறி மாறி நிக்கிற அதிகாரச் சண்டை. 356ல அந்தோணி இறந்தாரு, அதே வருஷம் அத்தனாசியாரைப் பிடிக்க ராணுவம் கோயிலுக்குள்ள புகுந்துச்சு, அவர் தப்பிச்சுப் போய் ஒளிஞ்சதே இந்தப் பாலைவனத் துறவிங்க கிட்டதான். அங்க இருந்த அந்தச் சில வருஷத்துக்குள்ளதான் புத்தகம் எழுதுறாரு. அதுல வர்ற அந்தோணி ஆயர்களுக்கும் குருக்களுக்கும் தலை வணங்குறவர், ஆரியுஸ் கட்சிக்காரங்களோட பேசக்கூட மாட்டேங்கிறவர், அவங்க பேச்சு பாம்பு விஷத்தை விட மோசம்னு சொல்றவர். ஆரியுஸ் கட்சிக்காரங்க அந்தோணி எங்க ஆளுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாங்கன்னும் அதுலயே இருக்கு, அதை மறுக்கத்தான் 338ல கிழவர் அலெக்சாந்திரியாவுக்கே வந்து பேசினாரு, ரெண்டே நாள் தங்கிட்டு மலைக்குத் திரும்பிட்டாரு. யோசிச்சுப் பாருங்க, ரெண்டு கட்சியும் ஒரே சாமியாரை எங்க மேடையிலதான் இருக்காருன்னு காட்டத் துடிக்கிறது, இந்தக் காட்சி நமக்குப் புதுசா என்ன?

அப்போ புத்தகம் பூரா பிரச்சாரமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தோணி எழுதினதா 7 கடிதம் இருக்கு, 4ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ளயே பைபிளை லத்தீன்ல மொழிபெயர்த்த எரோணிமார் அதைப் பத்திக் குறிப்பிட்டிருக்காரு, காப்திக்ங்கிற எகிப்து மொழியில இருந்த மூலம் துண்டு துண்டாத்தான் மிஞ்சியிருக்கு, மத்தது ஜார்ஜிய, அரபு, லத்தீன் மொழிபெயர்ப்புல கிடைச்சுது. 1990ல ஸ்வீடன் நாட்டு அறிஞர் சாமுவேல் ரூபென்சன் அந்தக் கடிதங்கள் உண்மையானவைதான்னு விரிவா வாதம் வச்சாரு, நிறைய பேர் அதை ஏத்துக்கிட்டாங்க. அங்கதான் சிக்கல், ஏன்னா அத்தனாசியார் காட்டுற அந்தோணி எழுத்தறிவே இல்லாத கிராமத்து ஆளு, புத்தகப் படிப்பு இல்லாமலே தத்துவ ஞானிங்களை வாயடைக்கிறவர். கடிதத்துல பேசுறவரோ அலெக்சாந்திரியாவோட சிந்தனை மரபெல்லாம், 3ஆம் நூற்றாண்டு இறையியல் அறிஞர் ஓரிஜென் வழி வந்த கருத்தெல்லாம் நல்லா தெரிஞ்சவர், பேய் பிசாசு பேச்சைக் குறைச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப ஒண்ணையே சொல்றவர்: உன்னை நீ அறி. ஆரியுஸைப் பத்தியும் ஒரு கடிதத்துல வருது, கண்டனம்தான், ஆனா தொனி வேற. அந்த மனுஷன் தன்னை அறிஞ்சிருந்தா தனக்குத் தெரியாததைப் பத்தி அவன் நாக்கு பேசியிருக்காதுங்கிற மாதிரி, ஆறாத காயத்தை உண்டாக்கிட்டானேன்னு ஒரு வருத்தத்தோட பேசுறாரு. ஆரியுஸை எதிர்த்ததுல அத்தனாசியார் சொன்னது சரி, ஆனா பாம்பு விஷம் ரேஞ்சுக்கு அவர் குரலை ஏத்தி வச்சது ஆயரோட கைவேலைன்னுதான் எனக்குத் தோணுது.

மூணாவதா ஒரு அந்தோணி இருக்காரு, பாலைவனத் தந்தையர் சொன்ன சின்னச் சின்ன வாக்குகளைத் தொகுத்து வச்ச நூல்கள்ல வர்றவர், இந்த மூணுல எனக்கு நெருக்கமானவர் இவர்தான். பாலைவனத்துல மனசு சோர்ந்து, எதுலயும் பிடிப்பில்லாம, ஆண்டவரே இந்த நினைப்புங்க என்னை விட மாட்டேங்குதேன்னு புலம்பிட்டு வெளிய வர்றாரு, தன்னை மாதிரியே ஒருத்தர் உக்காந்து கயிறு பின்றாரு, எழுந்து ஜெபம் பண்றாரு, திரும்ப உக்காந்து பின்றாரு, திரும்ப எழுந்துக்கிறாரு, அது வானதூதர், இப்படிச் செய் பிழைச்சுக்குவன்னு சொன்னாராம். இன்னொண்ணு, ஒரு வேட்டைக்காரன் இவர் சீடர்களோட சிரிச்சுப் பேசுறதைப் பார்த்து முகம் சுளிக்கிறான், வில்லை இழுன்னாரு, இன்னும் இழுன்னாரு, இன்னும்னாரு, ஐயா இதுக்கு மேல இழுத்தா ஒடிஞ்சிரும்னான், சகோதரர்களும் அப்படித்தான்னாரு. அப்புறம் அந்த டாக்டர் கதை. உனக்குச் சமமான ஒருத்தன் பட்டணத்துல இருக்கான், அவன் தொழில் வைத்தியம், தனக்குப் போக மிச்சத்தை இல்லாதவங்களுக்குக் கொடுத்துட்டு நாள் பூரா தூதர்களோட சேர்ந்து துதி பாடுறான்னு அந்தோணிக்கு வெளிப்படுத்தப்பட்டுச்சாம். பாலைவனத்துல 80 வருஷம் இருந்தவரோட சீடர்கள் இந்தக் கதையைத் தூக்கிப் போடாம பத்திரமா வச்சிருந்தாங்கங்கிறதே பெரிய விஷயம்.

பேரரசர் கான்ஸ்டன்டைனும் அவர் மகன்களும் இவருக்குக் கடிதம் எழுதினாங்க. சீடர்கள் பரபரப்பானாங்க, இவர் ராஜா எழுதினதுல என்ன ஆச்சரியம், அவனும் மனுஷன்தானே, கடவுள் மனுஷனுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்து மகன் மூலமா பேசினாரே அதுக்கு ஆச்சரியப்படுங்கன்னு சொல்லிட்டு கடிதத்தை வாங்கவே யோசிச்சாராம், கடைசியில பதில் போட்டாரு.

புத்தகம் ஓடின ஓட்டம்தான் அடுத்த கதை. கிரேக்கத்துல எழுதினது, 370கள்லயே அந்தியோக்கியா எவக்ரியுஸ் லத்தீன்ல கொண்டு வந்துட்டாரு. 386ல மிலான்ல அகுஸ்தினார் வீட்டுக்கு பொந்திசியானுஸ்னு ஒரு அரண்மனை உத்தியோகஸ்தர் வர்றாரு, பேச்சு வாக்குல அந்தோணியைப் பத்திச் சொல்றாரு, அகுஸ்தினாருக்கு அந்தப் பேரே தெரியல, வந்தவருக்கு இது கூடத் தெரியாதான்னு ஆச்சரியம். டிரியர் பட்டணத்துல ரெண்டு அதிகாரிங்க வாக்கிங் போன இடத்துல ஒரு குடிசையில இந்தப் புத்தகத்தை எடுத்துப் படிச்சு, அங்கயே வேலையை விட்டுட்டாங்கன்னு அவர் சொல்லச் சொல்ல, அகுஸ்தினார் கொதிச்சுப் போய் நண்பர் கிட்ட, படிக்காதவங்க எழுந்து சொர்க்கத்தைப் பிடிச்சுட்டுப் போறாங்க, நாம படிச்சுட்டு சகதியில புரள்றோம்னு கத்திட்டு தோட்டத்துக்கு ஓடுறாரு. எடுத்துப் படிங்கிற குழந்தைக் குரல் கேக்குறது அந்தத் தோட்டத்துலதான், அந்த நிமிஷம் அவருக்கு ஞாபகம் வந்ததும் கோயிலுக்குள்ள தற்செயலா ஒரு வசனத்தைக் கேட்டு வாழ்க்கையை மாத்திக்கிட்ட அந்தோணிதான். மேற்கத்திய கிறிஸ்தவத்தோட பெரிய மூளைன்னு சொல்றவரோட மனமாற்றத்துக்கே ஒரு பாலைவனக் கிழவரோட கதை தேவைப்பட்டிருக்கு.

எரோணிமாருக்கு இந்தப் புகழைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைன்னு நினைக்கிறேன். அந்தோணிக்கு முன்னாடியே ஒருத்தர் இருந்தாருன்னு தீப்ஸ் பவுலைப் பத்தி ஒரு குட்டிப் புத்தகம் எழுதினாரு, அவர்தான் நம்ம ஊர் வனத்துச் சின்னப்பர். 90 வயசு அந்தோணி 113 வயசு பவுலைத் தேடிப் போறாரு, வழியில பாதி மனுஷன் பாதி குதிரை எல்லாம் வந்து வழி சொல்லுது, தினமும் பாதி ரொட்டி கொண்டு வர்ற காக்கா விருந்தாளி வந்த அன்னிக்கு முழு ரொட்டி கொண்டு வருது, பவுல் இறந்தப்போ ரெண்டு சிங்கம் வந்து குழி தோண்டுது. அழகான கதை, வரலாறா எடுத்துக்கிட்டு சண்டை போட வேண்டிய விஷயம் இல்ல.

356ல 105 வயசுல இறந்தாருன்னு சொல்றாங்க. எகிப்துல பெரியவங்க செத்தா உடம்பைத் துணியால சுத்தி வீட்டுக்குள்ளயே கட்டில்ல வச்சு மரியாதை பண்ற பழக்கம் இருந்துச்சு, அது அவருக்குச் சுத்தமா பிடிக்காது. கூட இருந்த ரெண்டு சீடர்கள் கிட்ட, யாருக்கும் தெரியாம புதைச்சிருங்க, இடத்தைச் சொல்லவே கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு, அப்படியே செஞ்சாங்க. சொத்துன்னு இருந்தது ரெண்டு ஆட்டுத்தோல் உடையும் ஒரு பழைய போர்வையும் ஒரு மயிராடையும், ஒரு தோலும் போர்வையும் அத்தனாசியாருக்கு, இன்னொரு தோல் ஆயர் செரபியோனுக்கு, மயிராடை அந்தச் சீடர்களுக்கு.

ஆனா விட்டாங்களா? 561ல எலும்பு கிடைச்சிருச்சுன்னு சொல்லி அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டு போனாங்க, அங்க இருந்து கான்ஸ்டான்டிநோபிள், 11ஆம் நூற்றாண்டுல ஒரு பிரெஞ்சுப் பிரபு மூலமா தென்கிழக்கு பிரான்ஸ்ல ஒரு கிராமம், அந்த ஊருக்கு இப்போ பேரே செயின்ட் அந்துவான் லாபேய். இந்த எலும்பு நிஜமா அவரோடதான்னு கேட்டா நான் சிரிச்சுட்டு நகர்ந்துருவேன், ஆனா அதைச் சுத்தி நடந்தது நிஜம், கதையோட பெரிய பாதி அதுல இருக்கு.

அந்தக் காலத்து ஐரோப்பாவுல ஒரு கொடூர நோய், கை கால் நெருப்புல போட்ட மாதிரி எரியும், அப்புறம் கறுத்து, காஞ்சு, சில பேருக்குக் கழண்டே விழும், சிலருக்கு வலிப்பு, சிலருக்கு இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அந்தோணியார் நெருப்புன்னு பேர் வச்சாங்க, அவர் எலும்பு இருக்கிற கோயிலுக்கு ஓடி வந்தாங்க. காரணம் ரை தானியத்துல வர்ற ஒரு பூஞ்சை, மழை ஈரம் ஜாஸ்தியான வருஷத்துல கதிர்ல மணிக்குப் பதிலா கறுப்பா கொம்பு மாதிரி வளரும், அதோட சேர்த்து அரைச்ச மாவுல ரொட்டி சுட்டுத் தின்னா ரத்தக் குழாய் சுருங்கிப் போகும். நம்ம கம்புல தேன் ஒழுகல் நோய்னு சொல்றோமே, அதுவும் இதே பூஞ்சைக் குடும்பம்தான். ரொட்டிதான் விஷம்னு அப்போ யாருக்கும் தெரியாது, 17ஆம் நூற்றாண்டுலதான் அந்தச் சந்தேகம் சரியா கிளம்புச்சு.

1095 வாக்குல கஸ்தோன்னு ஒரு பிரபு, தன் மகன் குணமானதுக்கு நன்றியா, அந்த நோயாளிகளைப் பார்த்துக்க ஒரு சபையை ஆரம்பிச்சாரு, அதுதான் அந்தோணியார் மருத்துவ சபை, அது ஐரோப்பா முழுக்க ஆஸ்பத்திரி கட்டிச்சு. அங்க நோயாளிக்கு நல்ல ரொட்டி கிடைச்சுது, பன்றிக்கறி கிடைச்சுது, எலும்பு மேல ஊத்தி எடுத்த திராட்சை ரசம் கொடுத்தாங்க, பன்றிக் கொழுப்புல மூலிகை சேர்த்த களிம்பு தடவினாங்க, அழுகின உறுப்பை வெட்டி எடுக்கிறதுல அவங்க கை தேர்ந்தவங்க. நிறைய பேர் குணமானதுக்கு முக்கியக் காரணம் விஷ மாவை நிறுத்திட்டு சுத்தமான ரொட்டி தின்னதுதான்னு இப்போ நமக்குத் தெரியுது. சுரூபத்துல வர்ற அந்தப் பன்றியும் இங்க இருந்துதான் வந்துச்சு, எகிப்துல இருந்து இல்ல. சபைக்குன்னு விட்ட பன்றிங்க கழுத்துல மணி கட்டி தெருவுல சுதந்திரமா மேயும், ஜனங்க சாப்பாடு போடுவாங்க, நம்ம ஊர்ல கோயில் மாடு திரியிறது போலத்தான். 1131ல பாரிஸ் தெருவுல பன்றி குறுக்க ஓடி குதிரை இடறி பட்டத்து இளவரசன் பிலிப் செத்துப் போயிட்டான், தெருவுல பன்றி விடத் தடை வந்துச்சு, ஆனா மணி கட்டின அந்தோணியார் பன்றிக்கு மட்டும் விலக்கு வாங்கிட்டாங்க.

இந்தச் சபையோட ஐசன்ஹைம் மடத்து ஆஸ்பத்திரிக்காகத்தான் 1512க்கும் 1516க்கும் நடுவுல குரூனேவால்ட் அந்தப் பீடப் படங்களை வரைஞ்சாரு, இப்போ பிரான்ஸ்ல கோல்மார் மியூசியத்துல இருக்கு. சிலுவையில தொங்குற இயேசு உடம்பு பூரா புண்ணு, பச்சை பாரிச்ச தோல். அந்தோணியைப் பேய்ங்க பிச்சு எடுக்கிற பகுதியில மூலையில ஒரு ஆளு வயிறு ஊதி உடம்பெல்லாம் கொப்புளமா கிடப்பான். நோயாளிகளை இந்தப் படத்துக்கு முன்னாடி கொண்டு வந்து காட்டுவாங்களாம், தன்னோட புண்ணை பீடத்துல இருக்கிற ஆண்டவர் மேல பார்க்கிறதுக்கு.

அதே பூஞ்சைதான் பின்னாடி மருந்தாவும் ஆச்சு. பிரசவத்துக்கப்புறம் ரத்தப்போக்கை நிறுத்த ஆஸ்பத்திரியில போடுற மெத்தர்ஜின் ஊசி அந்தப் பூஞ்சைச் சரக்குல இருந்து பொறந்தது. ஐசன்ஹைமுக்குப் பக்கத்துலயே இருக்கிற பாசல் நகரத்துல 1938ல ஆல்பர்ட் ஹாஃப்மன் இதே சரக்கை ஆராய்ச்சி பண்ணப் போய் எல்எஸ்டிங்கிற போதைப் பொருளைத் தயாரிச்சாரு.

செங்கடல் மலை அடிவாரத்துல அவர் பேர்ல இருக்கிற காப்திக் (எகிப்து கிறிஸ்தவ) மடம் இன்னிக்கும் இயங்குது, உலகத்துலயே ரொம்பப் பழைய கிறிஸ்தவ மடங்கள்ல ஒண்ணு, அவர் இருந்த குகைக்கு மடத்துல இருந்து ஆயிரத்துக்கு மேல படி ஏறணும், பஸ் பஸ்ஸா கூட்டம் வருது. அங்க திருவிழா அவங்க காலண்டர்படி ஜனவரி 30.

நமக்கு ஜனவரி 17. மிருகங்களுக்குப் பாதுகாவலர்னு பேர் எடுத்ததால அன்னிக்கு ரோம்லயும் மாட்ரிட்லயும் நாய், பூனை, குதிரை எல்லாம் கோயில் வாசலுக்கு வரும், ஸ்பெயின்ல சான் பார்த்தொலொமே தெ பினாரெஸ் கிராமத்துல முந்தின ராத்திரி தெருவுல நெருப்பு மூட்டி அதுக்குள்ள குதிரை ஓட்டுவாங்க. நம்ம பக்கம் காலண்டரே வேலையைச் சுலபமாக்கிருச்சு, மாட்டுப் பொங்கல் முடிஞ்ச கையோட அந்தோணியார் திருவிழா. திருச்சி, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் கத்தோலிக்க ஊர்கள்ல அந்தோணியார் திருவிழாவை ஒட்டி ஜல்லிக்கட்டு நடத்துறது பழக்கம், ஊர்க் கோயில்ல பூசை வச்சு, சாமியார் காளை மேல தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்ச பிறகு வாடிவாசல் திறக்கும், மாடு பிடிக்க வர்றவங்கள்ல எல்லா மதத்துக்காரங்களும் இருப்பாங்க.